சீட் கம்பி

"இது என் வண்டிங்க" என்றார் அந்த நெட்டை மனிதர்.

பழைய சைக்கிள் கண்காட்சி களைகட்டியிருந்த நேரம். பல் டாக்டர் அம்மாவின் நீல நிறச் சின்னச் சக்கர சைக்கிளைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். முதல் பரிசு யாருக்கு என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமே இல்லை.

டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்க வண்டியா? என்ன சொல்றீங்க?"

"ஆமாங்க. படிக்கிற காலத்துல ரயிலடி வாசல்ல நிறுத்திட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தா காணோம். யாரோ தள்ளிட்டுப் போயிட்டாங்க."

பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்ததை டாக்டரம்மா தூக்கி வந்தபோது, "இதை நீ ஓட்டப் போறியா, இல்ல புதைக்கப் போறியா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். அதற்கெல்லாம் அசருகிற ஆளா டாக்டரம்மா? பல்லில் காரை சுரண்டும் ஊசியாலேயே மூலை முடுக்கில் இருந்த துருவையெல்லாம் சுரண்டி எடுத்தார். சக்கரம் சின்னது என்பதால் காலை எவ்வளவு சுற்றினாலும் வண்டி நகராது. அதற்காக முன்னால் பெரிய பல்சக்கரம் போட்டார். பின்னால் கியர் வைத்தார். பழைய பிரேக் பிடித்தால் வண்டி யோசித்துத்தான் நிற்கும், அதையும் மாற்றினார். பல் டாக்டருக்குப் பல்சக்கரம் என்ன பெரிய காரியம் என்று பழைய சைக்கிள் சங்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். இப்போது ஏறி மிதித்தால் வண்டி பறக்கும். அதில் போகும்போது அவர் அடைகிற சந்தோஷம் வேறு எதிலும் அவருக்குக் கிடைத்ததில்லை.

"இதோ, கைப்பிடிக்குக் கீழ ரெண்டு ஓட்டை. கூடை மாட்டறதுக்கு நான்தான் போட்டேன்" என்று குனிந்து காட்டினார் நெட்டை மனிதர்.

சங்கச் செயலாளர் விரைந்து வந்தார். 'நேர்மைதான் நம்ம சங்கத்தோட சொத்து' என்று காலையில்தான் மைக்கில் முழங்கியவர்.

"சார், ஓட்டை இருக்கறதைப் பார்த்துட்டு யார் வேணா சொல்லலாம். வேற அடையாளம் இருக்கா?"

"இருக்குங்க. இதோட சீட் கம்பி ரொம்ப நீளமா இருக்கும். நடுவுல வேற பைப்பு வச்சு வெல்டிங் பண்ணினது."

எல்லோரும் சீட்டைப் பார்த்தார்கள். அதற்குக் கீழே பளபளவென்று புதுக் கம்பி.

"இதுல வெல்டிங் எங்க சார் இருக்கு? இல்லாததைச் சொன்னா எப்படி நம்பறது?"

"பரிசு கிடைக்கப் போகுதுன்னதும் சொந்தம் கொண்டாட வந்துட்டாரு பாரு" என்றது ஒரு குரல்.

"இத்தனை வருஷமா எங்க போயிருந்தாராம்?" என்றது இன்னொன்று.

நெட்டை மனிதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாரும் விடவில்லை.

வெல்டிங் பண்ணிய அந்தக் கம்பி டாக்டரம்மாவுக்குத் தெரியும். "அசிங்கமா இருக்கு, தூக்கிப் போடுங்க டாக்டர்" என்று புதுக் கம்பி வாங்கித் தந்ததே செயலாளர்தான். கழற்றிய சாமானை எறியாமல் வைப்பது பழைய சைக்கிள் பிரியர்களின் வழக்கம் என்பதால், அது இப்போது அவர் கார் டிக்கியில் கிடந்தது.

செயலாளர் அவர் காதோரம் குனிந்தார். "கமுக்கமா இருந்துடுங்க. உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். உங்க உழைப்பு போயிடும்."

டாக்டரம்மா வண்டியைப் பார்த்தார். உண்மைதான். பேசாமல் இருந்தால் போதும், அந்த ஆள் தானாகக் கிளம்பிவிடுவார். வண்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றார். விடவே மனசு வரவில்லை.

பிறகு விட்டுவிட்டு, விறுவிறுவென்று காருக்குப் போனார்.

திரும்பி வந்தபோது கையில் அந்தக் கம்பி இருந்தது. மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். நடுவில் ஒட்டுப் போட்ட இடத்தை யாரோ பொறுமையாக ராவி வழவழப்பாக்கியிருந்தார்கள்.

"இதுவா பாருங்க."

செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நெட்டை மனிதர் கம்பியை இரண்டு கையாலும் வாங்கினார். ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"உங்க வண்டிதாங்க" என்றார் டாக்டரம்மா. சைக்கிளை அவர் பக்கம் தள்ளினார். "எடுத்துட்டுப் போங்க. புது பிரேக், பார்த்துப் பிடிங்க. சட்டுனு நிக்கும்."

நெட்டை மனிதர் வண்டியைத் தொடவில்லை. தள்ளி நின்று அதை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"என்கிட்ட இருந்தப்போகூட இது இவ்வளவு அழகா இருந்ததில்லைங்க. சீட் கம்பி எங்கன்னு கேட்கத்தான் வந்தேன். அதுக்குள்ள எல்லாரும் சேர்ந்து பிடிச்சுக்கிட்டாங்க."

"கம்பியா?"

"நான் கிடுகிடுன்னு வளர்ந்துட்டேன், முட்டி இடிச்சுது. பெரிய வண்டி வாங்க வீட்டுல வசதியில்ல. எங்கப்பா வெல்டர். அவரே பைப்பு வச்சு நீளமாக்கிக் கொடுத்தார்."

கம்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"வண்டி உங்களுதும்மா, நல்லா ஓட்டுங்க. இதை மட்டும் நான் எடுத்துக்கட்டுமா? எங்கப்பா கையால செஞ்சதுன்னு என்கிட்ட வேற எதுவும் இல்ல."