உள்பக்கப் படம்

"'ஜூலை பதினாலு, 2006, வெள்ளி. இன்றைய தவறு: கேமராவின் உள்பக்கத்தைப் படம் எடுக்காமலே நெட்டில் ஏற்றிவிட்டேன்.' இன்னாடா எபினேசரு, தப்புக்கெல்லாம் நோட்டு போட்டு வெச்சிக்கினு கீற? கல்யாணம் ஆச்சுன்னா பேப்பர் மில்லுதான் வெக்கணும் நீ."

நோட்டைப் பிடுங்கிப் படித்த அப்ராரிடமிருந்து எபினேசர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டான். இருவருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட், ஒரே மாடி அறை. சாயங்காலமானால் அப்ரார் டிவி முன்னால் சாய்ந்துவிடுவான். எபினேசர் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவான். வகுப்பில் படித்ததை வைத்து, காயலான் கடையில் வாங்கும் பழைய சாமான்களை இணைய ஏலத்தில் விற்கப் பழகியிருந்தான். இதுவரை போனதெல்லாம் பூட்டு, கைக்கடிகாரம் என்று சின்னச் சின்னதுதான். இந்த ஜெர்மன் கேமராதான் முதல் பெரிய சரக்கு. அதற்கு வெளிநாட்டுக்காரர்கள் போட்டி போட்டு விலையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் கேட்டிருந்தார், உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று.

மறுநாள் காலையிலேயே எபினேசர் தவறைத் திருத்திவிட்டான். மொட்டை மாடிச் சுவரில் நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்துக் கேமராவை வைத்தான். பின்மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்துப் போட்டுவிட்டு, பஞ்சால் துடைத்து, வகுப்பு மாஸ்டரிடம் இரவல் வாங்கிய டிஜிட்டல் கேமராவில் பளிச்சென்று படம் எடுத்தான். பிரவுசிங் சென்டரில் அவற்றை ஏற்றியதும் விலை இன்னும் ஒரு படி உயர்ந்தது. இது மட்டும் விற்றுவிட்டால் அடுத்த கோர்ஸில் சேரலாம். ஷிப்டுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்ட நேரத்தில், கையில் பைபிளோடு ஓர் அம்மாள் மாடியேறி வந்தார். பழவேற்காட்டில் வீட்டிலிருந்து அனுப்பியிருந்த கருவாட்டை அப்ரார் வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தான். காக்கை அண்டாமலிருக்க, துணி காயும் கொடியில் ஏதோ ஒரு பழுப்பு நாடாவைக் கட்டியிருந்தான். அது காற்றில் படபடத்தது. அந்த அம்மாள் அதற்கடியில் குனிந்து வந்து நின்றார்.

பெயர் சாராள் என்றார். பொன்னேரியில் ஸ்டுடியோ வைத்திருந்த மோசஸின் மனைவி. போன வருஷம் அவர் இறந்ததும் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இருந்த துக்கத்தில் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டாராம். கடைக்காரர்தான் இந்த விலாசத்தைச் சொன்னாராம்.

"அந்தக் கேமரா எனக்கு வேணும் தம்பி. இன்னா வெல சொல்ற?"

அப்ரார் எபினேசரை அறைக்குள் இழுத்தான். "உசாரா இரு நைனா. நெட்டுல ரேட்டு பாத்துக்கினுதான் வந்துகீது."

எபினேசருக்கும் அந்தச் சந்தேகம்தான். ஒரு வருஷமாக இல்லாத ஆசை இப்போது எதற்கு என்று சுற்றி வளைத்துக் கேட்டான். "சும்மாதான், அவரு ஞாபகமா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார் சாராள். அப்போதுதான் அவர் காதைக் கவனித்தான். கம்மல் இருந்த இடத்தில் துடைப்பக் குச்சி.

ஏலத்தைப் பாதியில் நிறுத்தினால் விற்பவன் பெயருக்குக் கரும்புள்ளி விழும். அதன்பின் பெரிய சரக்கு எதையும் நம்பி வாங்க மாட்டார்கள். எபினேசர் அந்தக் குச்சியை இன்னொரு தரம் பார்த்தான்; கம்மலை விற்றுத்தான் பணத்தோடு வந்திருக்கிறார். பிரவுசிங் சென்டருக்குப் போய் ஏலத்தை ரத்து செய்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"காயலான் கடையில நான் குடுத்தத மட்டும் குடுங்கக்கா. போதும்."

சாராளின் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சிக்கப்பா. காரணத்த சொன்னா ரேட்டு ஏத்துவாங்கன்னு கடக்காரரு சொன்னாரு. அதான் வாயே தொறக்கல."

எபினேசர் கேமராவை எடுத்து வந்தான். எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று காட்டும் ஆசையில் பின்மூடியின் கொக்கியில் கட்டைவிரலை வைத்தான்.

"தொறக்காத தம்பி, தொறக்காத." சாராள் அதைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "உள்ள பாதி ரோல் கீது. ஊர்ல அம்மாம் பேரு கல்யாணத்தயும் எடுத்தாரு, அவருக்குன்னு ஒரு நல்ல படம் கெடையாது. ஓட்டு கார்டுல கீறத பாத்தா போலீஸே புடிச்சிக்கினு போவும். ஒரு நாளு நான்தான் பழவேற்காட்டுல படகு மேல ஒக்கார வெச்சி இதுல ஒண்ணு எடுத்தேன். நல்லா சிரிச்சிக்கினு இருந்தாரு. கழுவிக் குடுய்யான்னா, பாதி ரோல கழுவினா பிலிம் வேஸ்ட்டு, முடியட்டும்னாரு. எப்பவும் அதே பேச்சுதான். ரோல் முடியறதுக்குள்ள அவரு முடிஞ்சிட்டாரு. வர்ற சனிக்கெழம வருச நெனவு நாளு. சர்ச்சுல வெக்க படம் கேட்டாங்க, அப்பதான் எனக்கு இது ஞாபகமே வந்துச்சு. நாளைக்கி பஜார் ஸ்டுடியோவுல குடுத்துக் கழுவிடுவேன்."

எபினேசர் தலையைக் குனிந்துகொண்டான். சாராள் அவன் தலைமேல் கைவைத்து ஒரு சின்ன ஜெபம் சொன்னார். பிறகு, படபடக்கும் நாடாவுக்கடியில் மறுபடி குனிந்து, கேமராவைக் குழந்தைபோல் ஏந்திக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் நோட்டில் எழுதினான்:

"ஜூலை பதினாறு, ஞாயிறு. இன்றைய தவறு: வெள்ளிக்கிழமைத் தவறைத் திருத்தியதை அவரிடம் சொல்லாமல் அனுப்பியது. நாளைய வேலை: விடிந்ததும், காக்கை விரட்டக் கொடியில் கட்டியிருக்கும், வெயில் பட்டுப் படமெல்லாம் அழிந்துபோன பிலிமை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, பஜார் ஸ்டுடியோ திறக்கும் முன் பொன்னேரி போய் சாராள் அக்கா எதிரில் நிற்க வேண்டும்."