சுண்டெலி வந்து சேர்ந்தாள்

“கோட்ல இல்லாத பேரு மெசேஜ்ல எப்படி வருது? பேயா?”

புதிதாக வந்திருந்த டீம் லீட் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நாங்கள் மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல் அவரவர் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டோம்.

பிள்ளை பள்ளிக்கு வந்து சேர்ந்ததும் வீட்டுக்குச் செய்தி அனுப்புகிற மென்பொருள் எங்களுடையது. இன்று மாலை முதல் பள்ளிக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கப்போகும் பிரதி தயாராவது எங்கள் மூவரில் மூத்தவரான ஆமை அண்ணனின் கணினியில். நேற்று அதில் சோதித்தபோது ஒரு செய்தி கிளம்பிப் போயிருக்கிறது: ‘சுண்டெலி பத்திரமாக வந்து சேர்ந்தாள்.’

லீட் ராத்திரி முழுக்க மென்பொருளின் கோட் முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்துவிட்டாள். சுண்டெலி எங்கேயும் இல்லை.

இருக்காது. அழித்தவன் நான்.

சோதனைக்குக் கண்ட பெயரையும் வைப்பது எங்கள் தொழிலில் சகஜம். போதாததற்கு, ஆளையே ஆமை என்று கூப்பிடுகிற அலுவலகம். அதனால் பெயரைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் கெட்டிக்காரி. காலையில் வந்து ஆமை அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்ததுமே பிடித்துவிட்டாள்.

எங்கள் ஜாவா மென்பொருள் ஒரு கூட்டுக் குடும்பம். அதன் ஒவ்வொரு பகுதிக்கும், அதாவது மாட்யூலுக்கும், தனித்தனி அடுப்பு. ஒருவர் சமைத்து ஜார் கோப்பில் மூடி வைத்தால் அடுத்தவர் அதை எடுத்துக்கொள்வார். மாணவர் பட்டியல் மாட்யூலை மட்டும் ஆமை அண்ணன் புதிதாக ஆக்கவே இல்லை. செய்தி அனுப்பும் மாட்யூல், பாவம், அந்தப் பெயர் இருந்த பழைய ஜாரிலிருந்தே எடுத்துப் பரிமாறிக்கொண்டிருந்தது.

“ஒரு க்ளீன் போட்டு பழசையெல்லாம் அழிச்சா முடிஞ்சுது. இவ்ளோ நாளா ஏண்ணா போடல?”

“எல்லாத்தையும் முதல்லேர்ந்து பில்ட் பண்ணணும். ரொம்ப நேரம் ஆகும்மா,” என்றார் அவர், நின்றபடியே.

பச்சைப் பொய். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஆகிவிடும். இருந்தாலும் நாங்களும் ஒத்து ஊதினோம். என் கணினியில் தயாரிக்கலாமே என்றேன். இந்தப் பழைய மெஷினைத் தொட்டாலே வம்பு என்றான் இன்னொருவன்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

“பழசு ஒட்டிக்கிட்டுப் போயிடுச்சுன்னா? வராத புள்ளைய வந்துட்டான்னு ஒரு அம்மாகிட்ட சொல்லலாமாண்ணா? பாவம் இல்லையா?”

அவள் சொன்னது மாலையில் போகப்போகும் மென்பொருளைத்தான்.

ஆமை அண்ணன் அவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பழைய ஜாரை அவரே தேடி எடுத்து அழித்தார். க்ளீன் கட்டளையை ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார். அவர் தோளைத் தொடலாம் என்று போன கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டேன்.

திரை வரிவரியாக ஓடி நின்றது. எல்லாம் சரி என்று பச்சையில் வந்தது.

சோதனையை ஓட்டினார். எந்தச் செய்தியும் போகவில்லை.

லீட் கை தட்டினாள். நாங்கள் தட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவருடைய கைபேசி அடித்தது. வீட்டிலிருந்து, அண்ணிதான். காலையில் வந்ததும் முதல் வேலையாக அந்தச் சோதனையை ஓட்டி, செய்தி வீட்டுக்குப் போன பிறகுதான் பையையே கீழே வைப்பார் அவர். இன்று நேரமாகிவிட்டது.

“இன்னும் வரலையா?” என்றார் தாழ்ந்த குரலில். “பஸ்ஸு லேட்டா இருக்கும்மா. நீ எந்திரிச்சு முகம் கழுவு. ஒரு வாய் ஏதாவது சாப்பிடு. வந்துடும்... வந்துடும்மா.”

கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

லீட் காதிலும் விழுந்திருக்கிறது. நல்ல பெண்தான். க்ளீன் போட வைத்ததற்குச் சமாதானம் செய்வதுபோல் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

“உங்க பொண்ணாண்ணா? எந்த கிளாஸ்?”

“மூணாவது,” என்றார் ஆமை அண்ணன்.

உயிரோடு இருந்திருந்தால் சுண்டெலி இந்த வருடம் ஐந்தாவது போயிருப்பாள்.