சிவப்புப் புள்ளி

"என்னங்க, உங்கப்பா மறுபடியும் ஒயரைப் பிடுங்கிட்டார்!"

அவள் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. குழந்தைக்காக விட்ட வேலை. ஆறு வருஷம் கழித்து ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது, ஒரு சின்னப் பரீட்சையோடு. நெட்வொர்க்கைக் கண்காணிக்கிற புரோகிராம் ஒன்றை எழுதி இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

வீட்டு நெட்டை வைத்தே ஆரம்பித்திருந்தாள். டிவி, பிரிண்டர், கணவனின் லேப்டாப் என்று ஒவ்வொன்றையும் 'இருக்கியா?' என்று புரோகிராம் கேட்கும். பதில் வந்தால் திரையில் பச்சைப் புள்ளி. வராவிட்டால் சிவப்பு.

காலையில் சாப்பிடும்போதுகூடப் புலம்பினாள்.

"எல்லாம் பச்சையாவே இருக்கு. நிஜமாவே வேலை செய்யுதா, இல்ல பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கேனான்னே தெரியல."

கணவன் சிரித்தான். மாமனார் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம்தான் அவர் கைவரிசை ஆரம்பமானது.

முதலில் பிரிண்டர். "பிரிண்டர் செத்துப் போச்சு" என்று கணவன் கத்த, திரையைப் பார்த்தால் பிரிண்டருக்கு நேரே பச்சை! ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுப் புரோகிராம் தூங்கப் போயிருந்தது. பதறிப்போய்த் திருத்தினாள்.

அடுத்து டிவி. அதனிடமிருந்து பதில் வரும் வரும் என்று காத்துக் கிடந்து, புரோகிராமே உறைந்துபோனது. மறுபடியும் திருத்தம்.

இப்போது மூன்றாவது தடவை. டிவிக்கு நேரே பளிச்சென்று சிவப்பு விழுந்ததும் அவளுக்குப் பொங்கிவிட்டது.

"நீ வேலைக்குப் போறது அவருக்குப் பிடிக்கல. வாயால சொல்ல மாட்டார், இப்படித்தான் காட்டுவார்" என்றான் கணவன்.

"வாயால சொல்லட்டும், நானும் பதில் சொல்லிக்கிறேன்."

விடுவிடுவென்று கூடத்துக்குப் போனாள்.

டிவிக்குப் பின்னால் குனிந்திருந்தார் மாமனார். கையில் ஒயர்.

"மாமா, இது உங்களுக்கே நல்லாயிருக்கா?"

"அது கிடக்கட்டும். சிவப்பு வந்துச்சா, அதைச் சொல்லும்மா முதல்ல."



"வந்துச்சு மாமா... என்கிட்ட சொல்லிட்டுப் பிடுங்கியிருக்கலாமே?"

"நெட்டு என்ன, சொல்லிட்டா போகுது?"

இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார்.

"வந்துச்சுன்னா சட்டுபுட்டுன்னு அனுப்பிடு. இன்னொரு தடவை குனிய என்னால ஆகாது."