அமுக்கினால் ஒன்று, இழுத்தால் ஒன்று

"இழுக்கச் சொன்னா அமுக்குறீங்க, அமுக்கச் சொன்னா இழுக்குறீங்க! எட்டு மாசமா இதே கூத்துதான்லா, மிஸ்டர் அப்பளசாமி!"

அமராவதி டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். எதிரே அப்பளசாமி, மடியில் கான்செர்ட்டினாவோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கான்செர்ட்டினா என்றால் பயந்துவிட வேண்டாம். ஆறு மூலை உள்ள சின்னப் பெட்டி. இரண்டு பக்கமும் பொத்தான்கள், நடுவே மடிப்பு மடிப்பாகத் துருத்தி. ஆர்மோனியத்தின் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் தம்பி படு போக்கிரி. ஒரே பொத்தான்தான், துருத்தியை அமுக்கினால் ஒரு சுரம் வரும், இழுத்தால் வேறொரு சுரம் வரும். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதருக்கு இது லேசில் பிடிபடுமா?

எட்டு மாதத்துக்கு முன்னால், கலும்பாங் ஊரில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது என்று சொல்லி, "டீச்சர், இது என்ன சாமான்?" என்று வாசலில் வந்து நின்றவர்தான். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாட்டுச் சொல்லிக்கொடுத்த டீச்சர், ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா! முப்பது பொத்தான், அத்தனையும் எலும்புல செஞ்சது. ரீட் எல்லாம் எஃகு. உள்ள நம்பர்கூட அடிச்சிருக்கு பாருங்க. இங்கிலாந்து சாமான், நூறு வயசுக்கு மேல இருக்கும். எங்கப்பா எஸ்டேட்ல கணக்கு எழுதுற கிராணியா இருந்தப்ப இதே மாதிரி ஒண்ணு வச்சிருந்தாருங்க!" என்று பூரித்துப்போனார்.

அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் நாலு மணிக்குக் கோலா சிலாங்கூரில், டீச்சர் வீட்டில் பாடம். கூடவே பால் விடாத தே-ஓவும், உருளைக்கிழங்கு மசாலா வைத்துச் சுடச்சுடப் பொரித்த கறிபாப்பும்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அப்பளசாமிக்கு மற்ற ஆறு நாளும் வெறும் நாள்தான். வியாழக்கிழமை மட்டும்தான் சட்டைக்கு இஸ்திரி போடுவார். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே மனிதர் வாரம் பூராவும் காத்துக் கிடந்தார். இன்று அதற்கே ஆபத்து வந்துவிட்டது.

"நடராஜா கேட்டுக்கிட்டே இருக்கார். ஆர்மோனியம் கத்துக்கணுமாம். வியாழன் நாலு மணிதான் தோதாம்" என்றார் டீச்சர்.

"எந்த நடராஜா? ராவாங் ஃபேக்டரியில மேனேஜரா இருந்தாரே, மீசைக்கு மை பூசுவாரே, அவரா?"

"மீசை எப்படியோ, காது நல்ல காதுலா. ஒரு தடவை சொன்னா கப்புன்னு பிடிச்சுக்குவார்."

"காது எனக்கும் ரெண்டு இருக்கு, டீச்சர்."

"இருந்து என்ன பிரயோசனம்? இந்தத் தாலாட்டு நாலே வரி. என் மக லோகேஸ்வரி அஞ்சு வயசுல வாசிச்சா. இன்னிக்கு முதல் வரியையாவது தப்பில்லாம வாசிங்க. இல்லைன்னா அடுத்த வாரம் இந்த நாற்காலி நடராஜாவுக்கு."

"நாலு வரியும் சரியா வாசிச்சுட்டா?"

"பாடம் முடிஞ்சுது. அப்புறம் உங்களுக்கு இங்க என்ன சோலி?"

இப்படியும் போச்சு, அப்படியும் போச்சு. அப்பளசாமி கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் தோல் வாருக்குள் விட்டார்.

முதல் வரி திக்கித் திணறி வந்தது. ஆனால் தப்பில்லாமல் வந்தது. டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது வரியில் மூன்று சுரம் சரி. நான்காவது சுரத்தில் அமுக்க வேண்டிய இடத்தில் இழுத்தார் பாருங்கள், வெளியே மதில்மேல் உட்கார்ந்திருந்த குரங்கு எழுந்து ஓடியே போய்விட்டது.

டீச்சர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. 'அவ்வளவு கோபம்' என்று அப்பளசாமி பயந்துபோனார்.

"சரி, முதல் வரி தேறிடுச்சு" என்றார் டீச்சர், திரும்பாமலே. "நடராஜா செவ்வாய்க்கிழமை வரட்டும். நீங்க அடுத்த வாரம் ரெண்டாவது வரிக்கு வாங்க."

"வந்துடுறேன், டீச்சர்!"

கடைசிக் கறிபாப்பை வாயில் போட்டுக்கொண்டு, அப்பளசாமி மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினார். முகம் விழாமல் கை மட்டும் தெரிகிற மாதிரி கைப்பேசியை நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு, அதே தாலாட்டை நாலு வரியும் ஒரு பிசிறு இல்லாமல், நடுநடுவே சங்கதி வேறு போட்டு வாசித்தார். நாற்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போயிற்று. வழக்கம்போலப் பேர் போடாமல் அதை இணையத்தில் ஏற்றிவிட்டு நிமிர்வதற்குள், கீழே ஒரு கருத்து வந்து விழுந்தது:

"பிரமாதம்! எட்டு மாசமா நீங்க ஏத்துறதை ஒண்ணு விடாமக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். வியாழக்கிழமை ஞாபக மறதியா ரெண்டாவது வரியைச் சரியா வாசிச்சுத் தொலைச்சுடாதீங்க. - அமராவதி டீச்சர்."