நான்காவது வெட்டு

"நாலு விரலும் ஃபேடர்ல வரிசையா ஓடினா சத்தம் நாலா வெட்டணும், ரூபிகா. எனக்கு மூணுதான் கேக்குது."

சன்னிவேல் நகரிலிருந்து வீடியோவில் கதிர் ஸ்க்ராட்ச் கற்றுக்கொடுத்தான்: ஒரு கையால் இசைத்தட்டை முன்னும் பின்னும் உரசி, மறு கை விரல்களால் ஃபேடர் என்ற சறுக்குப் பொத்தானைத் தட்டிச் சத்தத்தை வெட்டும் டிஜே வித்தை. ரிச்சர்ட்சன் நகரில் ரூபிகா, இறந்துபோன அண்ணன் ஷாந்தனின் இசைத்தட்டு சுழலும் டர்ன்டேபிளில் பழகினாள். சிறுவயதில் போரில் ஷெல் குண்டு விழுந்ததில் ஷாந்தனுக்கு வலது சுண்டுவிரல் போயிருந்தது. அவன் மூன்று விரலால்தான் வெட்டுவான். அவனுடைய நினைவுநாளில் அவனைப் போலவே செய்துகாட்ட அவளுக்கு ஆசை.

கதிர் அவளுடைய முதல் வாரப் பதிவைப் போட்டான். நான்கு வெட்டுகள் தெளிவாக விழுந்தன.

"அப்ப சரியா வந்திருக்கே. இப்ப விரலை மடக்கிக்கிறீங்களா?"

"மடக்கேல்லை. அண்ணா மாதிரியே கேக்குதெல்லோ?"

ரூபிகா சிரித்தாள். இடது கை இசைத்தட்டின் மேல் இருந்தது. வலது கையை மேசைக்குக் கீழே இறக்கியிருந்தாள்.

"ரூபிகா, அந்தக் கையைக் கொஞ்சம் கேமரால காட்டுங்க."