இருபது வெள்ளி டிக்கெட்

“ரேஸ் ஓட்டுறதே என் மகன்தான். அவனைப் பெத்தவளுக்கே டிக்கெட்டா?”

விஜயராணி கேட்டதும் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கேட்டில் இருந்த கொர்னேலியஸ் சிரிக்கவில்லை.

“ஆளுக்கு இருபது வெள்ளிம்மா. யாரா இருந்தாலும்.”

அலோர் காஜா தாண்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கார் பந்தயத் திடல் அது. மகன் தினேஷ்வரனுக்கு இன்றுதான் முதல் பந்தயம். அவன் சாப்பிடாமல் ஓடிவிட்டான் என்று விஜயராணி பாச்சாங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு வந்திருந்தாள். பர்ஸில் இருந்தது ஒரே ஒரு இருபது வெள்ளித் தாள்.

“இதையும் குடுத்துட்டா வீட்டுக்கு எப்படிப் போறது?”

கொர்னேலியஸின் கை நீண்டபடியே இருந்தது.

“கொர்னேலியஸ் அண்ணே, பாவம்லா!” என்றான் பின்னால் நின்ற காந்தன். “முன்னெல்லாம் நம்ம ஆளுங்கன்னா ‘போ போ’ன்னு உள்ள விடுவீங்க. நீங்கதானா அது?”

“அது முன்ன.”

“திடல் முதலாளிக்கு இப்பக் காசு ருசி கண்டுடுச்சு” என்றது இன்னொரு குரல்.

விஜயராணி மனசே இல்லாமல் தாளைக் கொடுத்தாள்.

அப்போது கையில் ஃபிளாஸ்க்கோடு ஒரு பெண் வந்தாள்.

“பிரிஜிட் அண்ணி வந்தாச்சு! இவங்களுக்காவது சும்மாவா அண்ணே?” என்றான் காந்தன்.

பிரிஜிட் இருபது வெள்ளியை நீட்டினாள். கொர்னேலியஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

“பொண்டாட்டிகிட்டயே வசூலா!” வரிசை முழுக்கச் சிரித்தது.

உள்ளே கார்கள் உறுமிக்கொண்டிருந்தன. பிரிஜிட் பார்வையாளர் பக்கம் போகவில்லை. ஓரமாக நின்ற ஆம்புலன்ஸுக்குப் போய், அதில் இருந்த இருவருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

விஜயராணியால் அடக்க முடியவில்லை.

“தப்பா நினைக்காதீங்கக்கா. உங்க வீட்டுக்காரருக்குக் கொஞ்சம்கூட ஈரமே இல்லியா? பஸ் காசையும் வாங்கிட்டாரே.”

“உங்க பையன் வண்டி எது?”

“அந்தச் சிவப்பு. பதினேழு.”

பிரிஜிட் அந்தக் காரையே பார்த்தாள். “பயமா இருக்காம்மா?”

“ராத்திரியெல்லாம் தூங்கலக்கா. வேணாம் வேணாம்னு சொன்னேன், கேக்கல.”

பிரிஜிட் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க கவலைப்படாதீங்க. போகும்போது எங்க கார்லயே கொண்டுபோய் விடுறோம். அப்புறம், இந்த ஆம்புலன்ஸ் கடைசி பந்தயம் முடியிற வரைக்கும் இங்கதான் நிக்கும். டிக்கெட் காசுல முதல் வேலையா இதுக்குத்தான் வாடகை கட்டுவாரு.”

கொடி அசைந்தது. சிவப்புக் கார் பாய்ந்தது.

பிரிஜிட் கண்ணை மூடிக்கொண்டு பேசினாள்.

“எங்க மகன் மார்வின் வண்டி கவுந்த அன்னிக்குத் திடல் கொள்ளாத கூட்டம். எல்லாரும் நம்ம ஆளுங்கதானேன்னு இவரு சும்மாவே உள்ள விட்டாரு. அன்னிக்கு ஆம்புலன்ஸ் வைக்கக் காசு பத்தலம்மா.”