பனிஸ் வண்டி

"முத்தலிப் நானா, நாளைலருந்து இந்த ஸ்கூல் கேட்டுக்கிட்ட வண்டிய நிப்பாட்டாதீங்க!"

ஷிரானி டீச்சர் போட்ட சத்தத்தில், முத்தலிப் பன் ரொட்டி, பனிஸ் விற்கும் தன் த்ரீவீலரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்.

"ஏன் டீச்சர்?"

"ஏனா? கௌபி, பாசிப்பயறு, கீரைச் சோறுன்னு ஒவ்வொரு நாளைக்கும் சார்ட் போட்டுக் குடுத்திருக்கேன். எல்லாம் பெட்டியில அப்படியே கிடக்குது. ஸ்கூல் விடுற நேரம் உங்க பாட்டுக் கேட்டதும் பறந்து வருதுங்க. பிள்ளைங்கள கெடுக்குறதே நீங்கதான்!"

"இது கடைப் பனிஸ் இல்ல டீச்சர். எங்க வீட்ல ஸக்கியா தன் கையால..."

"உங்க வைஃப் சுட்டா மட்டும் என்ன? வெறும் மாவும் கிழங்கும்தானே? வேற என்ன இருக்கு உள்ளுக்கு? சொல்லுங்க பாப்போம்!"

முத்தலிப் வாயைத் திறந்தார். சுற்றிலும் இருபது பிள்ளைகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வாயை மூடிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"கேட்டீங்களா!" என்று டீச்சர் தாய்மார் பக்கம் திரும்பினார்.

பலாபத்வலையில் அந்த முன்பள்ளிக்கு ஷிரானி டீச்சர் வைத்ததுதான் சட்டம். வகுப்புச் சுவரில் கண்ணும் மூக்கும் வரைந்த கரட் ஒன்று சிரித்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் தினமும் அதற்கு குட் மோர்னிங் சொல்வார்கள். தின்னத்தான் மாட்டார்கள்.

அன்றைக்கு மாலையே பெற்றோர் கூட்டம் வைத்தார். கெத்தரின் பயந்து பயந்து எழுந்தாள். வகுப்பிலேயே மெலிந்த பிள்ளை அவள் மகன் ஷியாம்தான்.

"டீச்சர், அவன் வீட்ல ஒரு வாய் தின்ன மாட்டான். அந்தப் பனிஸ் ஒண்ணுதான் உள்ள இறங்குது. அதையும் நிப்பாட்டினா..."

"பசிச்சா தானா தின்னுவான் கெத்தரின். நீங்க குடுக்குற செல்லம்தான் இதெல்லாம்."

கெத்தரின் கண் கலங்க உட்கார்ந்தாள். மற்ற தாய்மார் டீச்சர் சொன்னதற்குத் தலையாட்டினார்கள்.

அடுத்த நாளிலிருந்து முத்தலிப் ரோட்டு வளைவுக்கு அந்தப் பக்கம், பஸ் நிற்கும் இடத்தில் வண்டியைப் போட்டார். பாட்டுப் போடவில்லை. ஆனாலும் ஸ்கூல் விட்டதும், தலையாட்டிய தாய்மார் எல்லாரும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம்தான் போனார்கள். கேட்டால், கடைக்கு என்றார்கள்.

மூன்று மாதம் போனது. பிள்ளைகளின் எடை பார்க்கும் மிட்வைஃப் மிஸ் தராசோடு வந்தார்.

"ஷியாம் ஒரு கிலோ கூடியிருக்கானே! எல்லாப் பிள்ளைகளும் கூடியிருக்காங்க! என்ன குடுத்தீங்க டீச்சர்?"

"என்ன குடுப்பேன் மிஸ்? எல்லாம் நம்ம சார்ட்தான். கீரை!"

பிள்ளைகள் வேலிக்கு மேலால் வீசிய கீரையில் பின்வீட்டு ஆடும் நன்றாகத்தான் கொழுத்திருந்தது. அதை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

விஷயம் மாத்தளை ஆபீஸ் வரைக்கும் போனது. மாவட்டத்திலேயே சிறந்த சத்துணவு முன்பள்ளி என்று சான்றிதழ் கொடுக்க முடிவானது. விழாவுக்குப் பந்தல், மாலை, டீச்சருக்குப் புதுச் சாரி.

முந்தின நாள் டீச்சர் வளைவுக்கு அந்தப் பக்கம் விறுவிறுவென்று நடந்து வந்தார். இங்கேயிருந்தும் துரத்தப் போகிறார் என்று நினைத்து முத்தலிப் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார்.

"போகாதீங்க நானா, நில்லுங்க! நாளைக்கு மாத்தளையிலருந்து பெரியாக்கள் வாறாங்க. டீயோட குடுக்க அறுபது பனிஸ் வேணும்."

முத்தலிப்பின் முகம் மலர்ந்தது.

"அதுக்கென்ன டீச்சர், ஸக்கியாட்ட சொல்றேன். பிள்ளைகளுக்குச் செய்ற அதே மாதிரி அருமையா செஞ்சு தருவா."

டீச்சர் அக்கம்பக்கம் பார்த்தார். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஐயோ, அதே மாதிரி வேணாம் நானா! கிழங்குக்குள்ள முருங்கைக் கீரையும் கரட்டும் மசிச்சு ஒளிச்சு வைக்கிறதெல்லாம் பிள்ளைகளோட இருக்கட்டும். பெரியாக்கள் கீரை தின்ன மாட்டாங்க!"